கல்வியும் கூலியும்

சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்திருந்தோம். அமெரிக்காவில் நியூஜெர்சியில் வாழும் நம் தங்கையின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். ஸலாமும் நலவிசாரிப்பும் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி இது:

"மச்சான், உங்கள் மருமகள் நியூயார்க்கில் ஒரு ஃபேஷன் பத்திரிகைக்குப் பயிற்சிக்குப் போகிறாள். காலையில் போனால் இரவுதான் திரும்புகிறாள். கூலி கிடையாது. அதுகூடப் போகட்டும், அந்த வேலை படிப்புக் கணக்கில் சேர வேண்டுமென்று கல்லூரிக்கு நான் பணம் கட்டுகிறேன். வேலை செய்கிறவள் பணம் கட்டும் நியாயம் நம் கிதாபுகளில் எங்காவது உண்டா?"

நாம் சிறிதும் தயங்காது மறுமொழி சொன்னோம். "பிள்ளையைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். கற்கும் காலத்தில் செய்யும் கித்மத்துக்கு அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்றோம். அந்த மறுமொழி எவ்வளவு அவசரமானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். அதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் நம் சொந்த வாழ்வு. மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், 1988-ஆம் ஆண்டு, நம் உஸ்தாது அவர்கள் நடத்திவந்த சிறு மாத இதழுக்கு மெய்ப்புத் திருத்தும் பணி நமக்கு வாய்த்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. மை உலராத காகிதங்களை அச்சகத்திலிருந்து சுமந்து வருவோம், திருத்துவோம், மீண்டும் சுமந்து செல்வோம். கூலியென்று ஒரு காசும் பெற்றதில்லை. ஆயினும் ஒவ்வொரு மெய்ப்பையும் உஸ்தாது நம் அருகில் அமர்ந்து பார்ப்பார்கள். ஒற்று ஏன் மிகும், ஓர் அரபுச் சொல்லைத் தமிழில் எவ்வாறு எழுதினால் பொருள் கெடாது என்றெல்லாம் விளக்குவார்கள். இன்று நாம் எழுதும் தமிழ் அந்த மேசையில் கிடைத்தது. உணவும் அவர்கள் வீட்டில்தான். இந்த நினைவைக் கொண்டே கடல் கடந்த பிள்ளையின் நிலையை அளந்துவிட்டோம்.

சில நாள் கழித்து அந்தப் பிள்ளையிடமே பேசினோம். "மாமா, நான் செய்கிற வேலையை முதலில் கேளுங்கள்" என்றாள். கேட்டோம்.

வசந்தகாலப் பருவத்தில் அவள் ஆடை வடிவமைப்பாளர்களுக்கான மக்கள் தொடர்பு அலுவலகம் ஒன்றில் இருந்தாள். ஒரு வடிவமைப்பாளர் ஒரு பருவத்துக்கென உருவாக்கும் உடைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகுதிதான் மாதிரியாகத் தைக்கப்படுமாம். மேடையில் அணிவதும் அதுவே. பின்னர்ப் பத்திரிகைகள் படமெடுக்க இரவல் வாங்குவதும் அதுவே. எந்த உடை எந்தப் பத்திரிகைக்குப் போயிற்று, என்றைக்குத் திரும்ப வேண்டும், பொத்தான் அறுந்ததா, கறை பட்டதா என்று பதிய வேண்டும். நீராவியால் சுருக்கம் நீக்கிப் பையிலிட்டுச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். திரும்பாதவற்றைத் தொலைபேசியில் துரத்த வேண்டும்.

கோடையில் பத்திரிகைக்கு மாறினாள். அங்கே அதே பைகளை மறுமுனையிலிருந்து பிரித்து அடுக்கும் வேலை. பிப்ரவரியில் மேடையேறும் குளிர்கால உடைகள் செப்டம்பர் இதழை நிரப்புபவை. அவ்விதழே ஆண்டின் பெரிய இதழ், விளம்பரம் மிகுந்தது. அதற்கான படப்பிடிப்பு சில மாதங்கள் முந்தியே நடந்துவிடும். ஆகவே வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கம்பளி மேலங்கிகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். "உடை வரவில்லையே என்று இங்கிருந்து நான் கேட்பேன், அனுப்பிவிட்டோமே என்று அங்கிருந்து ஒரு பெண் சொல்வாள். அவளும் என்னைப்போல் கூலி இல்லாதவள்தான் மாமா" என்றாள். கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு வணிகத்தின் இரு முனைகளையும் கூலியற்ற இரு பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றனர்!

இத்தொழிலே வீண் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. உடுத்தலும் நாகரிகத்தின் ஒரு பகுதியே. அதைச் செய்தியாக்குவதிலும் ஒரு திறமை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸ் ஜெர்மானியர் வசமிருந்தமையால் அமெரிக்கப் பத்திரிகையாளர் அங்கு செல்ல இயலவில்லை. அந்நிலையில் எலினார் லாம்பர்ட் என்னும் விளம்பர அறிஞர் 1943-இல் நியூயார்க்கிலேயே பத்திரிகையாளர் வாரம் ஒன்றைக் கூட்டி, உள்நாட்டு வடிவமைப்பாளரை உலகறியச் செய்தார். அத்தகைய கலையைக் கற்கவே நம் பிள்ளை தலையில் முக்காட்டோடும் மனத்தில் ஆவலோடும் போனாள். ஆனால் அவள் சொன்ன இன்னொரு சொல் நம்மைத் தைத்தது:

"இத்தனை மாதத்தில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் திருத்தித் தரவில்லை மாமா. எழுதச் சொன்னால்தானே திருத்துவதற்கு?"

நம் உஸ்தாதின் மேசை நினைவுக்கு வந்தது. நாம் சொன்ன மறுமொழி நம்மைப் பார்த்து நகைத்தது.

பிறகுதான் இவ்வழக்கின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1947-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. இரயில் நிலைய வேலைக்கு ஏழெட்டு நாள் கூலியின்றிப் பயின்றவர்கள் தொழிலாளரா என்பது கேள்வி. பயிற்சியால் நன்மை அவர்களுக்கே. நிறுவனத்துக்கு உடனடி ஆதாயமில்லை. ஆகவே தொழிலாளரல்லர் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஏழெட்டு நாள் வாயிலின் வழியே பிற்காலத்தில் மாதக் கணக்கான உழைப்பு நுழைந்துகொண்டது.

2012-இல் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் பயிலுநராக இருந்த பெண்ணொருவர் அதன் உரிமையாளரான ஹர்ஸ்ட் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். மாதிரி அணிகலன்களை அனுப்பிப் பெறுவது அவருடைய வேலைகளுள் ஒன்று. 2013-இல் கோண்டே நாஸ்ட் நிறுவனத்தின்மீது பயிலுநர் இருவர் வழக்குத் தொடுத்தனர். அந்நிறுவனம் அவ்வாண்டே பயிலுநர் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2014-இல் ஏறத்தாழ 7,500 பயிலுநர்களுக்காக 58 இலட்சம் டாலர் தர உடன்பட்டது. ஆனால் 2015-இல் திரைப்பட நிறுவனமொன்றின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறோர் அளவுகோலை வகுத்தது. இவ்வுறவில் முதன்மையாகப் பயனடைபவர் யார், பயிலுநரா நிறுவனமா என்று ஆராய வேண்டும் என்றது. அந்த அளவுகோலின்படி ஹர்ஸ்ட் வழக்கில் பயிலுநர் தரப்பு 2016-இல் தோற்றது. 2017-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. 2018-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அதே அளவுகோலை ஏற்றது. ஏழு கூறுகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்; கூலியாளர் செய்யும் வேலையைப் பயிலுநர் தலையில் கட்டுகிறார்களா என்பது அவற்றுள் ஒன்று.

இதைப் படித்தபோது நமக்கு மூசா (அலை) அவர்களின் இரு பயணங்கள் நினைவில் எழுந்தன.

ஒன்று மத்யனுக்கு. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் கைம்மாறு கருதாது நீர் புகட்டினார்கள். கேளாத அந்த உதவிக்கும் கூலி தர வேண்டுமென்றே பெண்களின் தந்தை ஆளனுப்பி அழைத்தார். பின்னர் எட்டு ஆண்டு உழைப்பு, விரும்பினால் பத்து ஆண்டு என்று காலமும் கைம்மாறும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டன. மற்றொன்று கிள்ரு (அலை) அவர்களோடு. அங்கே மூசா (அலை) கற்க வந்தவர்கள், கூலி கேட்கவில்லை. ஆனால் சாயவிருந்த சுவரை நிமிர்த்தியவர் ஆசிரியரே. மாணவர்மீது அதைச் சுமத்தவில்லை. அந்த நிலையிலும், இவ்வேலைக்குக் கூலி பெற்றிருக்கலாமே என்று மூசா (அலை) கேட்டார்கள். ஞானத்தின் பாதையில் நடக்கும்போதும் உழைப்பு உழைப்பாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஃபிக்ஹு நூல்களும் இஜாரா என்னும் பாடத்தில், வேலையும் கூலியும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றே வலியுறுத்துகின்றன. கற்பவன் கித்மத் செய்யலாம். ஆனால் கற்பிக்காதவன் கித்மத் கேட்கலாகாது. மேலும், கூலியின்றி மாதக்கணக்கில் நியூயார்க்கில் காலந்தள்ள யாரால் முடியும்? தகப்பன் பொருளுடையவனாக இருப்பவளால் மட்டுமே முடியும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாயில் பூட்டப்படாமலே அடைபட்டிருக்கிறது.

மருமகளை மீண்டும் அழைத்து, நாம் முன்பு சொன்னது பிழை என்றோம். அடுத்த இடத்தில் சேருமுன் இரண்டு கேள்வி கேள் என்றோம்: எனக்குக் கற்றுத் தருபவர் யார்? நான் வராவிட்டால் இந்த வேலையைக் கூலி வாங்கிச் செய்பவர் யார்? கேட்டிருக்கிறாள். இப்போது வேறோர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் சிறிது, ஆனால் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட்டார்களாம். அல்ஹம்துலில்லாஹ்.

அத்துடன் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் அந்த இரண்டாம் கேள்வி நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து நின்றது.

தமிழில் வழங்கும் அரபுச் சொற்களுக்குச் சிற்றகராதி ஒன்றை நாம் தொகுத்து வருகிறோம். நம்மிடம் ஓதும் பிள்ளையொருவர் ஏழு மாதமாக இஷாவுக்கு முன்னும் பின்னும் அமர்ந்து அதைக் கணினியில் ஏற்றித் தந்தார். முதல் மாதம் அருகிருந்து ஒவ்வொரு சொல்லின் வேரையும் விளக்கினோம். பின்னர் நேரமில்லை, தாள்களைக் கொடுத்தனுப்பினோம். அதற்கும் கித்மத் என்றே பெயரிட்டிருந்தோம்.

கடைத்தெருவில் கணினித் தட்டச்சுக்குப் பக்கத்துக்கு என்ன விலையென்று விசாரித்து, முதல் மாதம் நீங்கலாக ஆறு மாதத்துக்கும் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்தோம். அவர் கை நீட்டவில்லை.

"ஹஜ்ரத், இது கித்மத் அல்லவா?" என்றார்.

"கித்மத் நீர் தந்தது. உஜ்ரத் நாம் தர வேண்டியது" என்றோம்.

சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "மஃரிபுக்குப் பின் நான்கு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தேன் ஹஜ்ரத். இதற்காகத்தான் அதை விட்டேன். அந்தப் பணம் என்னவாயிற்று என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள்."

ஏழு மாதத்தில் ஒரு முறையேனும் நாம் அதைக் கேட்டதில்லை. கூலியைத் தாமதியாது கொடுக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். நம் திண்ணையில் உலர்ந்துபோன வியர்வை மட்டும் நம் கண்ணில் படவில்லை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.