உப்பும் உபதேசமும்

உபதேசம் செய்வது உபாத்தியாயினிக்குத் தொழில். ஆனால் நாற்பது மாணவிகளை அடக்கும் என் குரல், வீட்டில் ஊறுகாய் ஜாடியிடம் செல்லுபடியாவதில்லை.

என் கணவருக்கு ரத்த அழுத்தம். அவருடைய தகப்பனார் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்ததைக் கண்டவளாகையால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. அதைச் சொன்னேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!" என்று பதில் வந்தது.

பழமொழியோடு வாதாடிப் பயன் என்ன? அவரிடம் சொல்லிவிட்டே, குழம்பில் உப்பை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தேன். எலுமிச்சையும் மிளகும் கூட்டினேன். அப்பளமும் மோர்மிளகாயும் வாங்குவதை நிறுத்தினேன். அவருக்கென்று தனிச் சமையல் மட்டும் வைக்கவில்லை. குழந்தைகளும் நானும் அதையே உண்டோம். தம்மை மட்டும் நோயாளியென்று ஒதுக்கிவைத்தால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

நாக்கு சில வாரங்களில் பழகிவிடுகிறது. வைத்தியர் கொடுத்த மாத்திரைகளும் தவறுவதில்லை. இப்பொழுதெல்லாம் ஹோட்டல் சாம்பாரை, "கரிக்கிறதே!" என்று அவரே தள்ளி வைக்கிறார்.

ஊறுகாயை அடியோடு விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு மாவடு உண்டு. இல்லறத்தில் அவ்வளவு சமரசம்கூட இல்லாவிட்டால் எப்படி?