பாலையாவும் மலைச்சாமியும்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் செட்டுக்கு 'காதலிக்க நேரமில்லை' என்றால் உயிர். 1964-ல் வந்த படம். டைரக்டர் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் பக்கத்துச் செங்கல்பட்டில் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்கள். அந்த உரிமையில் அதை 'நம்ம ஜில்லா படம்' என்போம்.

நாகேஷ், பாலையாவுக்குப் பயங்கரக் கதை சொல்லும் காட்சி நினைவிருக்கிறதல்லவா? அதில் நான் நாகேஷ். என் சிநேகிதன் பாலையா. அவன் தறிக்காரன். கோர்வைப் புடவை நெய்யும்போது கரை நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். அந்தப் பையன் டீ குடிக்கப் போனால் நான் உட்காருவேன். தறி பாட்டுக்கு ஓடும், எங்கள் நாடகமும் ஓடும். அவன் பயந்து விழிக்கிற விழியில் தெருவே சிரிக்கும்.

மனைவி காலமானதும் தறியை மகனிடம் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். தாடி, ஒற்றை வேட்டி, பேச்சே கிடையாது என்று சொன்னார்கள். "புத்தி பேதலிச்சிடுச்சு" என்றது தெரு. நானும் தலையாட்டினேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் ஊருக்கு இது புதிதா என்ன? சேஷாத்திரி சுவாமிகள் காஞ்சியில் வளர்ந்தவர்தானே. சிறுவயதில் வரதராஜப் பெருமாள் கோயில் திருவிழாவில் அவர் கை பட்ட பொம்மைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்ததாம். 'தங்கக் கை' என்று பெயர் வந்தது. 1889-ல் திருவண்ணாமலைக்குப் போனவர், 1929-ல் சித்தியடையும் வரை அங்கேயே திரிந்தார். கடைக்குள் புகுந்து சாமான்களை வாரி இறைப்பார். பித்தர் என்றவர்களும் உண்டு. இறைத்தால் வியாபாரம் பெருகும் என்று காத்திருந்த கடைக்காரர்களும் உண்டு.

இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் போகத் தோன்றியது. விரூபாட்ச குகைக்குப் போகிற பாதையில், ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. ஆறுதல் சொல்லவும் வரவில்லை. வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. பொழுது சாய்ந்தது. என்னையறியாமல், நாகேஷ் மாதிரி குரலைத் தாழ்த்தி, கையை மெல்லத் தூக்கினேன்.

அவன் திரும்பினான். துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். கண் விரிந்தது. அதே பாலையா!

மலையிறங்கிய வெள்ளைக்காரர்கள் நின்று பார்க்கும்படி சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பிறகு சொன்னான்: "வரவங்க ஒண்ணு கால்ல விழறாங்க, இல்லேன்னா வீட்டுக்கு வான்னு இழுக்கறாங்க. எங்கூட வெளயாட ஒருத்தனும் வரலடா."

அவன் ஊர் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. மாதம் ஒரு நாள் காலையில் பஸ் ஏறிவிடுகிறேன். போன தடவை மூச்சு வாங்கி, பாதிக் கதையில் நிறுத்திவிட்டேன். மீதிக்கு அவன் காத்திருக்கிறான்.