நெல்வயல் நடுவே காற்றடைத்த மின்பெட்டிகள்

வெளியே எரிவாயு சூழ்ந்தாலும் உள்ளே புகாதபடி, தூய காற்றைச் செலுத்திச் சற்றே கூடுதல் அழுத்தத்தில் வைத்திருக்கும் மின்பெட்டியைத் தொழிலாளர்கள் ‘பர்ஜ் பேனல்’ என்கிறார்கள். காவிரிப் படுகைக்கு இது எண்ணெயோடு வந்தது. நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம் என நெல்லுக்குப் பேர்போன ஊர்களின் வயல்களுக்கிடையே ஓ.என்.ஜி.சி.யின் கிணறுகளும் எரிவாயு சேகரிப்பு நிலையங்களும் நிற்கின்றன. நாகப்பட்டினத்துக்கு அருகே பனங்குடியில் 1993-ல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2020-ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானபோது புதிய எண்ணெய்த் தேடலுக்குத் தடை வந்தது. ஏற்கெனவே நடந்துவந்த வேலைக்குத் தடையில்லை. ஆகவே இங்கே எலக்ட்ரீஷியனின் பாடு பெரும்பாலும் பழைய பெட்டிகளோடுதான்.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே போதும். கான்டாக்டர் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கிறது. சிறிய சுவிட்சுகளைக் கனத்த வார்ப்புப் பெட்டிக்குள், அதாவது ‘ஃப்ளேம்ப்ரூஃப்’ பெட்டிக்குள், வைத்துவிடலாம். உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராது. ஆளுயர வேகக்கட்டுப்பாட்டுப் பேனலையும் துளைப்பு ரிக்கின் ஓட்டுநர் அறையையும் அப்படி வார்த்தெடுப்பது நடக்கிற காரியமில்லை. காற்றின் துணை அங்கேதான் தேவைப்படுகிறது. சர்வதேசத் தரம் முக்கிய வகைகளுக்குக் கேட்கும் குறைந்தபட்சக் கூடுதல் அழுத்தம் 50 பாஸ்கல். தண்ணீர்க் குழாயில் அளந்தால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். கையை நீட்டினால் தெரியாது. மானோமீட்டரில்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு மெல்லிய பாதுகாப்பைக் கெடுக்க கேபிள் நுழைவைப் பிடிக்கும் கிளாண்டு ஒன்று தளர்ந்தாலே போதும் என்பதால், வயரிங்கின் ஒழுங்கு முழுவதும் ஓட்டை விடாமல் இருப்பதில் தொடங்குகிறது.

முதலில் காற்று, பிறகு கரண்ட். பெட்டி மூடியிருந்த நேரத்தில் வாயு உள்ளே புகுந்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அதனால் பெட்டியின் கொள்ளளவைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு காற்றை ஓட்டி வெளியேற்றுகிறார்கள். ஒரு கன மீட்டர் பெட்டிக்கு நிமிடத்துக்கு 500 லிட்டர் சென்றால் பத்து நிமிடம். ஓட்டத்தை வெளிப்போக்கில் அளப்பது முக்கியம். உள்வழியில் அளந்த காற்று எந்த இடுக்கில் நழுவியது என்று யாருக்குத் தெரியும்? இந்த நேரத்தை எண்ணும் டைமர் முடிந்த பிறகே, காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கன்ட்ரோலர் மெயின் சப்ளையை விடும். காற்றும் வாயு இல்லாத இடத்திலிருந்து எடுத்ததாக, ஈரமும் எண்ணெயும் நீக்கியதாக இருக்க வேண்டும். டிரையர் பழுதானால் பாதுகாக்க வந்த காற்றே டெர்மினல்களில் பச்சை பிடிக்க வைக்கும்.

கேபிள் நுழையும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். ஆர்மர்டு கேபிளின் கவசக் கம்பிகளைக் கிளாண்டின் கூம்பில் சரியாகப் பிடித்து, உள்ளுறையை ரப்பர் வளையத்தில் இறுக்க வேண்டும். பயன்படுத்தாத துளைகளுக்குச் சான்று பெற்ற அடைப்பான். கேபிளுக்குள்ளேயே கோர்களுக்கு இடையில் சந்து உண்டு; அதன் வழியாகக் காற்று கசிந்து போகும், வாயுவும் கன்ட்ரோல் அறை வரை பயணிக்கும். பேரியர் கிளாண்டில் கோர்களைப் பிரித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் காம்பவுண்ட் படும்படி ஊற்றுவது இதற்காகவே. அது கெட்டியாகும்வரை கேபிளை அசைக்கக் கூடாது. அவசரக்காரர்களுக்கு உகந்த வேலையில்லை இது.

விபத்துக்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் வேறு. அழுத்தம் விழுந்ததும் கன்ட்ரோலர் 415 வோல்ட் மெயினைத் துண்டித்துவிடும். ஆனால் அதே பெட்டிக்குள் ஹீட்டருக்கு இன்னொரு பேனலிலிருந்து 230 வோல்ட் வந்திருக்கும், யு.பி.எஸ். லைன் ஒன்று இருக்கும், கன்ட்ரோல் அறையிலிருந்து சிக்னல் வரும், போர்டில் ஒரு பேட்டரியும் உட்கார்ந்திருக்கும். வரைபடத்தில் இவை வெவ்வேறு தாள்களில் கிடக்கும். ஒவ்வொன்றும் மெயினோடு சேர்ந்து விழ வேண்டும். அல்லது காற்றே இல்லாவிட்டாலும் தாங்கும் வேறு பாதுகாப்பில், ஃப்ளேம்ப்ரூஃபாகவோ பொறி எழுப்பாத குறைந்த ஆற்றல் சுற்றாகவோ, இருக்க வேண்டும். அழுத்த சுவிட்சின் சொந்த வயருக்கும் இதே விதி. குறைந்த ஆற்றல் சுற்றுகளுக்கு வெளிர் நீல உறை போடுவது வழக்கம்; அவற்றின் டெர்மினல்களை மற்றவற்றிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி வைப்பார்கள்.

எல்லாப் பெட்டியும் உடனே கரண்டை வெட்டுவதில்லை. வாயு எப்போதாவது மட்டுமே வரக்கூடிய இடத்தில் அலாரம் அடித்தால் போதும் என்று தரம் அனுமதிக்கிறது. அலாரத்தைக் கேட்க ஆள் இருந்தால்தான் அதற்குப் பொருள். வாயுப் பகுப்பாய்வுக் கருவிகள் தனி ரகம்: சாம்பிள் குழாய் வழியாக எரிவாயுவே பெட்டிக்குள் வருகிறது. அங்கே கசிவை ஈடுகட்டும் காற்று போதாது, வாயுவைத் தொடர்ந்து நீர்க்கச் செய்யும் ஓட்டம் வேண்டும்.

பழுது பார்க்கும்போது, அழுத்தம் இல்லாமலே கரண்ட் விட வைக்கும் பைபாஸ் சாவி கைக்கு வரும். வாயு அளவு பார்த்து, பர்மிட்டில் கையெழுத்தான பிறகே அதைத் திருப்பலாம். வயரின் காப்பைச் சோதிக்க மெக்கர் போடுவதற்கும் அதே பர்மிட் வேண்டும், அதுவும் பொறி எழுப்பக்கூடிய கருவிதான். கிணற்றடியில் இந்த நடைமுறையைப் பற்றிக் கேள்வி கேட்பது தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம், 2017-ன் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி. சுத்திகரிப்பு ஆலைக்கு வந்தால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஆனால் ஸ்பானர் பிடிக்கும் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் இரண்டு இடத்துக்கும் ஒருவராகவே இருக்கக்கூடும். ஒவ்வோரிடத்திலும் காகிதம் வேறு.

டெல்டாவின் பருவமும் இவர்களோடு மல்லுக்கு நிற்கிறது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று கதவுப் போல்ட்டைத் தின்கிறது. மணல் நிரப்பிய கேபிள் பள்ளங்களில் ஐப்பசி மழை தேங்குகிறது. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் இடம் தேடி வருகின்றன. உள்ளிருந்து வெளியே தள்ளும் காற்று உப்பையும் தூசியையும் தடுப்பது கூடுதல் லாபம். பல்லியும் எறும்பும் வரும் வழி பெரும்பாலும் மூடாத துளைதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கதவு காஸ்கெட்டை மாற்றி, காற்றை வேண்டுமென்றே நிறுத்தி, அழுத்த சுவிட்ச் எந்த அளவில் விழுகிறது, மெயினோடு ஹீட்டர் லைனும் யு.பி.எஸ். லைனும் சேர்ந்து விழுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். கரண்ட் போனதும் கதவைத் திறந்துவிட முடியாது. கெபாசிட்டர் அடங்கவும் சூடான பாகங்கள் ஆறவும் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது கதவுத் தகட்டில் பொறித்திருக்கும்.