கண்மாய்க் கரையில் ஒரு தூளி

விருதுநகரிலிருந்து மானாமதுரைக்குப் போகும் ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்க மாட்டீர்கள். சென்னைவாசிகள் ராமேசுவரத்துக்குப் புறப்பட்டால் வேறு வழியாகப் போய்விடுகிறார்கள். குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கோ இந்தப் பக்கமே வேலை இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்குகிறவர்கள் எல்லாரும் அந்தந்த ஊர்க்காரர்கள். வேடிக்கை பார்க்க வந்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான். எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் போறீக தாயி? யாரு வீட்டுக்கு?" என்று கேட்டாள். யார் வீட்டுக்கும் இல்லை என்றதும் அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

2025-ம் வருஷத்துச் சித்திரை மாதம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். நடுநடுவே கருத்த கரிசல் காடு, ஒன்றிரண்டு பனை, கரிமூட்டத்துப் புகை. திருச்சுழி வந்தது. 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். மகரிஷியைத் தெரிந்த அளவுக்கு அவருடைய தாயார் அழகம்மாளை நமக்குத் தெரியாது. வீட்டை விட்டுப் போன பிள்ளையைத் தேடிப் போய், 1916-ல் திருவண்ணாமலையிலேயே தங்கி, மலைமேல் இருந்த துறவிகளுக்கு அடுப்பு மூட்டிச் சோறு வடித்துப் போட்டவர் அவர்தான். துறவிக்கும் அம்மா வேண்டியிருக்கிறது பாருங்கள்!

அடுத்தது நரிக்குடி. பெயரைப் பார்த்து நரியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடைத்தெரு, யூனியன் ஆபீஸ், டீக்கடை, பஸ் நிற்கும் இடம், எல்லாவற்றுக்கும் மேலே வெயில், அவ்வளவுதான். மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் பக்கத்தில்தான். வேலு நாச்சியார் என்ற ஒரு பெண்ணின் அரசுக்காகக் கத்தி பிடித்தவர்கள் அவர்கள். அந்தப் பெருமை இன்றும் சுவரெழுத்திலும் பெயர்ப் பலகையிலும் தெரிகிறது. ஆனால் நான் பார்க்கப் போனது வேறொரு விஷயம். பட்டணத்தில், "உத்தியோகம் பார்க்கிற பெண் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிப்பது?" என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். பேசுகிறவர்கள் எல்லாரும் கைப்பையோடு வேலைக்குப் போகிறவர்கள். மண்வெட்டியோடு போகிறவளுக்கு என்ன வழி என்று பார்த்து வரலாம் என்றுதான் ரயில் ஏறினேன்.

இந்தச் சீமையில் ஆறு உண்டு, குண்டாறு என்று பெயர். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடும். விவசாயம் என்பது ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயில் எவ்வளவு தேங்கியது என்பதைப் பொறுத்தது. கண்மாய்ப் பாசனத்தில் நெல், மானாவாரியில் பருத்தி, மல்லி, மிளகாய், குதிரைவாலி. தை, மாசியில் அறுப்பும் பறிப்பும் முடிந்துவிட்டால் அப்புறம் காட்டில் வேலை கிடையாது. ஆண்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் போய்விடுவார்கள். பெண் எங்கே போவாள்? மாட்டுக்குத் தண்ணீர், மாமியாருக்குக் கஞ்சி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நாலு குடம் நல்ல தண்ணீருக்குத் தள்ளுவண்டி. இதெல்லாம் ஊர்க் கணக்கில் 'சும்மா இருப்பது'.

அந்தச் சும்மா இருப்பதற்கு நடுவில் வந்ததுதான் நூறு நாள் வேலை. 2005-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டது. 2006 பிப்ரவரியில் முதலில் எடுத்துக்கொண்ட ஜில்லாக்களில் பக்கத்துச் சிவகங்கையும் ஒன்று. விருதுநகர் ஜில்லாவுக்கு 2008 ஏப்ரலில்தான் வந்தது. நரிக்குடியோ இரண்டு ஜில்லாக்களும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது. அக்கா சிவகங்கைப் பக்கமும் தங்கை விருதுநகர்ப் பக்கமும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் இங்கே எத்தனையோ. இரண்டு வருஷம் அக்காவுக்கு வேலை, தங்கைக்கு வேடிக்கை!

பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கண்மாய். காலை ஒன்பது மணி இருக்கும். உள்வாயில் ஐம்பது, அறுபது பேர் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஆண்கள் எட்டுப் பேர், அதிலும் பாதிப் பேர் தாத்தாக்கள். இது இந்த ஊரின் விசேஷம் என்று நினைக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்களே வந்து நின்றார்கள்.

கரையில் ஒரு நாட்டுக் கருவேல மரம். கிளையில் பழம்புடைவைத் தூளி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நிழலில் சாக்கு விரித்து ஏழெட்டுக் குழந்தைகள். ஒன்று மண் தின்றது, ஒன்று அழுதது, இரண்டு ஒரே பிளாஸ்டிக் தம்ளருக்காகப் போர் தொடுத்தன. நடுவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி.

"உங்க பேரப் புள்ளைகளா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் தாயி எம் பேரன். மத்ததெல்லாம் வேலைக்கு வந்தவளுக புள்ளைக. எனக்கு இதுதான் வேலை."

'இதுதான் வேலை' என்று அவர் சொன்னது உபசாரப் பேச்சு அல்ல, சட்டமே அப்படித்தான் சொன்னது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் ஒரு வேலைத்தலத்துக்கு வந்தால், அங்கே வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைக்க வேண்டும். மண் வெட்டுகிறவளுக்கு என்ன கூலியோ அதே கூலி அவளுக்கும் தர வேண்டும். நிழல், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதோடு சேர்த்து. 2025 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டுக்கு அந்தக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மண்ணை அளந்து பார்த்துக் கொடுப்பதால் கைக்கு வருவது அநேகமாக அதைவிடக் குறைச்சல்தான். அது வேறு கதை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் கண்மாயில் மண் வெட்டுவதும் ஒரே விலை! இதை எந்த மாமியாராவது, எந்தக் கணவராவது, ஏன், நாமேதான் என்றைக்காவது ஒப்புக்கொண்டிருக்கிறோமா? நம் வீட்டில் குழந்தையைப் பார்க்க வருகிற ஆயாவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும்போது, 'சும்மா உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவதற்கு இவ்வளவா?' என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதே, அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் 2025 நவம்பரிலிருந்து ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் காட்டு வேலையில் ஆள் கூலி வேறு, பெண்டுக் கூலி வேறு என்பது ஊருக்கு ஊர் நடப்பு. கண்மாய் வேலையில்தான் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே அளவு, ஒரே தொகை. அதுவும் அவரவர் பெயரில் பாங்கிக் கணக்குக்கு வந்தது. "எம் பேருல பாஸ்புக்கு இருக்குல்ல, அது எங்கிட்டயே இருக்கு" என்று ஒரு நடுவயது அம்மாள் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். மடியில் முடிந்து வைத்திருந்தாளோ, வீட்டுச் சாவியைக் காட்டினாளோ, எப்படியும் பெருமைக்குக் குறைவில்லை.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் வராமல் நின்றது. 336 ரூபாய் கடுதாசியில் இருந்தது, அரிசிக் கடையில் இல்லை. வருகைப் பதிவுக்கு 2023 ஜனவரி முதல் செல்போன் படம் கட்டாயமாயிற்று, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. காலையில் வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருந்தவள், பிற்பகல் படத்துக்கு நிற்க வேண்டியவள் ஆனாள். பிள்ளை பார்க்கும் பாட்டியும் எல்லாக் கண்மாயிலும் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்காரியை, "அடுத்த வாரம் வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டால் ஐந்து குழந்தைகள் என்ற கணக்கே சேராதல்லவா?

நான் திரும்பி வந்த பிறகு, அதே 2025-ம் வருஷம் டிசம்பரில், அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பார்லிமெண்டு புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாளாகிறது. செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை நம் ராஜ்யமே ஏற்க வேண்டும். விதைப்பும் அறுப்பும் நடக்கிற காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். காட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது நிலக்காரர்களின் வெகுநாள் புகார், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த 60 நாளில் பெண்கள் போவது எங்கே? பருத்திக் காட்டுக்கும் மல்லிக் காட்டுக்கும்தான். அங்கே பெண்டுக் கூலி. அங்கே பாட்டிக்கும் சம்பளம் கிடையாது, தூளி வரப்பில் இருக்கும், தாய் வேலியோரத்தில் இருப்பாள். வேலை மிகுந்த அந்த இரண்டு மாதம்தான் பிள்ளை பார்க்க ஆள் மிகவும் தேவைப்படும் மாதம். சட்டம் எழுதுகிறவர்கள் அறுப்புக் காலத்தில் ஒரு தடவை இந்த ரயிலில் வந்து பார்க்கலாம்.

பிரசவ விஷயத்துக்கு வருவோம். வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பிரசவ காலத்தில் பணமும் ஓய்வும் தர வேண்டும் என்று நம் நாட்டில் முதலில் சட்டம் செய்தது 1929-ல் பம்பாய் மாகாணம். சென்னை மாகாணம் 1934-ல் செய்தது. தேசம் முழுவதற்கும் 1961-ல் வந்தது. அப்போது 12 வாரம், 2017-ல் 26 வாரம் ஆயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதியும் அப்போதுதான் சேர்ந்தன. தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தால் 2021 ஜூலையிலிருந்து முழுச் சம்பளத்தோடு ஒரு வருஷம்!

நரிக்குடி யூனியன் ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரு வருஷம். அந்த ஆபீஸ் போட்ட வேலையில் மண் வெட்டுகிறவளுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள்கூட இல்லை. அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் 300 ரூபாயில் ஆரம்பித்த மகப்பேறு உதவி. 2018-ல் அது 18,000 ரூபாய் ஆயிற்று. 14,000 ரொக்கம், மீதிக்குச் சத்துணவுப் பெட்டி, முதல் இரண்டு பிரசவத்துக்கு, தவணை தவணையாக. புதுக்கோட்டையில் பிறந்து, பெண்களுக்காகச் சட்டசபையில் போராடிய அந்த அம்மையாரின் பெயருக்கு இது மரியாதையான திட்டம்தான். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "குழந்தை பிறந்து எத்தனை நாளில் வேலைக்கு வந்தாய்?" என்று கேட்டேன். "மூணு மாசங்கா. அந்தப் பணம் இல்லேன்னா ஒரு மாசத்துல வந்திருப்பேன்" என்றாள். புள்ளிவிவரம் கேட்கிற கனவான்களுக்கு என்னிடம் இருக்கும் புள்ளிவிவரம் இதுதான்.

ஸ்வீடன் தேசத்தில் 1974-லேயே பிரசவ விடுமுறையைத் தாய்க்கு மட்டும் என்று வைக்காமல், தகப்பனும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். இதைக் கண்மாய்க் கரையில் சொல்லிப் பார்த்தேன். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எழுந்த சிரிப்பில் தூளிப் பிள்ளை விழித்துக்கொண்டது. "எங்க வீட்டுக்காரருக்கு ஆறு மாசம் லீவு குடுத்தா, ரெண்டு புள்ளைய நான் வளக்கணும் தாயி!" என்றாள் ஒருத்தி.

நரிக்குடியில் மனத்துக்கு இதமாக இருந்த இரண்டு விஷயங்கள், பெண் வேலைக்கென்று யாரும் நினைக்காதவை. ஒன்று, பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி. 2022 செப்டம்பரில் மதுரையில் துவங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைத்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பிள்ளைக்கு உப்புமா பள்ளிக்கூடத்தில் என்றால் தாய் விடியற்காலையில் அடுப்போடு போராட வேண்டாம், ஏழு மணி வேலைக்கு ஏழு மணிக்கே போகலாம். இரண்டாவது, 2021 மே மாதத்தில் வந்த, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பிரயாணம். மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணக்குப் போட்டது. பஸ் வருகிற ஊருக்குத்தானே அந்தக் கணக்கு! உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அருப்புக்கோட்டைக் கடை வேலைக்குப் போகிறவள் மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோவுக்கு அந்த மிச்சத்தை எடுத்து நீட்ட வேண்டியதுதான்.

திரும்புகிற வழியில் ஓர் அங்கன்வாடிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் யானை, ஒட்டகம், அ, ஆ. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. 1975-ல் தேசம் முழுவதற்கும் என்று ஆரம்பித்த ஏற்பாடு இது. இப்போது 'பால்னா' என்று ஒரு திட்டம் இருக்கிறது. இந்தியில் தொட்டில் என்று அர்த்தம். 2022 முதல் அங்கன்வாடிகள் சிலவற்றையே ஆறு மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளும் முழுநாள் காப்பகமாக்குகிறார்கள். நரிக்குடிச் சீமைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் காட்டு வேலைக்கு ஆறரைக்குப் போக வேண்டும், மில் வேன் அதற்கும் முன்னால் வந்துவிடும். காப்பகம் அதற்குமுன் திறந்தால்தான் பிரயோஜனம்.

அந்த அங்கன்வாடி ஊழியரிடம் இதைக் கேட்டேன். வெளியூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். மத்திய சர்க்கார் கணக்கில் அவர் இன்னும் 'மதிப்பூதிய' ஊழியர்தான்.

"ஆறு மணிக்குத் திறக்கலாம் மேடம்" என்றார். "நான் அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. என் மகளும் மில்லுக்குப் போறா. அவ புள்ளைய வச்சுக்கிறது நான்தான். அத எங்க விட்டுட்டு வர?"

உள்ளே ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவர் எழுந்து போய்விட்டார்.