ஐந்து பேருக்கு ஒரு மேசை

கொழும்பில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் "சண்டே ப்ரன்ச்" என்று ஒரு பலகை. காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவில் வருவதால் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். 1895ஆம் ஆண்டு கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் இதற்காகவே வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரை எழுதினார். சனி இரவு கூத்தடித்துவிட்டு ஞாயிறு பிந்தி எழும்புகிறவர்களுக்கு இது தோதான சாப்பாடு என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. சனி இரவு நாங்கள் வினாத்தாள் திருத்திக்கொண்டிருப்போம்.

நாங்கள் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் ஐந்து பேர். ஆங்கில டீச்சர் கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கர். கணித டீச்சர் வெள்ளவத்தை, முட்டைகூடத் தொடாத சைவம். சிங்கள டீச்சர் மஹரகமையிலிருந்து வருகிறவர், பௌத்தர். மிச்ச இரண்டு பேர், இஸ்லாம் டீச்சரும் தமிழ் டீச்சரும், அபாயா போடுகிறவர்கள். ஞாயிறு காலையில் ஒருவருக்குப் பூசை, ஒருவர் பிள்ளையைத் தஹம் பாசலுக்குக் கொண்டுபோக வேண்டும், ஒருவருக்கு அஹதிய்யா வகுப்பு. பத்தரை மணிக்குத்தான் எல்லோரும் கை ஓய்வோம். ளுஹருக்கு வீடு போய்ச் சேர வேண்டும். இந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்குவது ப்ரன்ச் மட்டும்தான். எங்கள் வீடுகளில் காலைச் சாப்பாட்டைப் "பசியாறுவது" என்போம். பத்தரைக்குச் சாப்பிட்டால் உண்மையிலேயே பசி ஆறும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் ஒரு புது இடம். கேட்க இலேசு. ஆனால் எங்கள் ஐந்து பேரையும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பாடு போடுவது லேசுப்பட்ட வேலையில்லை.

ஹலால் என்றால் இறைச்சி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பன்றி இறைச்சி பொரித்த அதே சட்டியில் முட்டை பொரித்தால் நாங்கள் இரண்டு பேரும் முட்டையும் சாப்பிட முடியாது. சோஸில் வைன் ஊற்றுவார்கள். புடிங்கில் ஜெலட்டின் இருக்கும். அதே மாதிரி, கணித டீச்சருக்கு மரக்கறித் தட்டு என்று கொண்டுவந்து வைப்பார்கள், பக்கத்தில் இருக்கும் சீனிச் சம்பலில் மாசி கிடக்கும். தேங்காய்ச் சம்பலிலும் அதே மாசி. ஞாயிறு போயாவாக வந்துவிட்டால் சிங்கள டீச்சரும் இறைச்சி தொடமாட்டார். கணித டீச்சர் ஒருமுறை பேப்பரில் வட்டம் வட்டமாகக் கீறி, ஐந்து தொடைகளின் இடைவெட்டைக் கண்டுபிடித்தார். நடுவில் மிஞ்சியது இடியப்பமும் சொதியும் பழமும்!

அதனால் முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுவோம். கேட்பது சிங்கள டீச்சர். ஹலால் பற்றியும் அவர்தான் கேட்பார், மாசி பற்றியும் அவர்தான் கேட்பார். "நான் கேட்டா அது வாடிக்கையாளர் கேள்வி, நீங்க கேட்டா அது பிரச்சினை" என்று ஒருநாள் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். நாங்கள் சிரித்தோம், ஆனால் கனக்க நேரம் சிரிக்கவில்லை.

இப்படி இந்த ஊரின் பல மூலைகளுக்குப் போயிருக்கிறோம். கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரி 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அந்தத் தடித்த சுவருக்குள்ளே உட்கார்ந்து கோப்பி குடித்தால் வெயில் தெரியாது. வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் கணித டீச்சர் ஒரு கேள்வியும் கேட்காமல் தோசை சாப்பிடுவார், அதைப் பார்ப்பதே எங்களுக்கு ஒரு சந்தோசம். கொம்பனித்தெருவில் டச்சுக்காரர், வெள்ளைக்காரர் காலத்தில் படைவீரர்களாக வந்த மலாய்க்காரரின் கைப்பக்குவம் இன்னும் இருக்கிறது. பிட்டும் பாபத் கறியும் அங்கே சாப்பிட வேண்டும். ஆங்கில டீச்சர் முதல் வாய் வைத்துவிட்டுத்தான் "இது மாட்டுக் குடலா?" என்று கேட்டார். பிறகு இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

பெரிய ஹோட்டல்களுக்குப் போவது வருடத்தில் ஒருமுறை. ஆசிரியர் சம்பளத்துக்கு அதுவே அதிகம். மெனுவில் 5000 ரூபா என்று போட்டிருந்தால், 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 5500. அதன் மேல் 18 வீதம் வற் வரி. கையால் கொடுப்பது 6490 ரூபா. பத்தாம் வகுப்புக்கு வீதக் கணக்குப் படிப்பிக்க நல்ல உதாரணம். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. இடத்தைத் தெரிவு செய்வது, அந்த மாதம் யாருக்குக் கை இறுக்கமோ அவர். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இன்னொரு ஒப்பந்தமும் இருக்கிறது. அது 2019இல் வந்தது.

அந்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மூன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. கொழும்பில் மூன்று ஹோட்டல்களில் வெடித்தது. ஹோட்டல்களில் செத்தவர்கள் பலர் காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள். எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை, தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் ஆங்கில டீச்சரின் வீட்டுக்குக் கிட்ட. அவர் அன்றைக்கு வேறு பூசைக்குப் போயிருந்தார். அவருடைய ஒழுங்கையில் இருந்த ஒரு குடும்பம் கொச்சிக்கடைக்குப் போயிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மே மாதம் பாடசாலை தொடங்கியபோது கேற்றில் பெற்றோர் நின்று பிள்ளைகளின் புத்தகப் பையைக் கிண்டிப் பார்த்தார்கள். பஸ்ஸில் அபாயாவோடு ஏறினால் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. எங்கள் ஞாயிறும் நின்றது. யாரும் நிறுத்துவோம் என்று சொல்லவில்லை, யாரும் போவோம் என்றும் சொல்லவில்லை. ஸ்டாப் ரூமில் நாங்கள் ஐந்து பேரும் ஒரே மேசையில் இருந்து டைம் டேபிள் பற்றி மட்டும் பேசினோம்.

ஓகஸ்ட் விடுமுறையில் ஆங்கில டீச்சர்தான் முதலில் போன் எடுத்தார். "பூசை முடிஞ்சு வாறன். எல்லாரும் வாங்க. நீங்க ரெண்டு பேரும் எப்பவும் வாற மாதிரியே வாங்க" என்றார். இஸ்லாம் டீச்சர் தயங்கினார். "வேணாம் டீச்சர், நாங்க வந்தா ஒங்களுக்கும் சங்கடம் தானே" என்றார். "சங்கடமா இல்லையா எண்டு நான்தானே செல்லோணும்?" என்று ஆங்கில டீச்சர் எங்கள் பேச்சிலேயே திருப்பிச் சொன்னார்.

போன இடத்தின் வாசலில் காவலாளி ஒருவர் நின்றார். மூன்று பேரை உள்ளே விட்டார். அபாயா போட்ட இரண்டு பேரை மட்டும் நிறுத்தி, பையைத் திறக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த நேரம் எல்லோருக்கும் பயம். உள்ளே போன ஆங்கில டீச்சர் திரும்பி வந்தார். தன் பையை மேசையில் வைத்துத் திறந்தார். செபமாலை, குடை, மாணவர் கொப்பி இரண்டு, பனடோல். "மல்லி, இதையும் பாருங்க" என்றார். கணித டீச்சரும் சிங்கள டீச்சரும் வந்து வரிசையில் நின்றார்கள். அந்தப் பொடியன் ஐந்து பையையும் பார்த்தான். யாரும் சத்தம் போடவில்லை. அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அன்றிலிருந்து எந்த வாசலில் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னாலும் ஐந்து பையும் திறக்கும்.

2022இல் கேஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கடைகளை மறந்துவிட்டு வீடு வீடாகப் போனோம். ஒருவர் விறகில் அவித்த மரவள்ளி, ஒருவர் கட்டச்சம்பல், ஒருவர் ப்ளேன்டீ. வற் வரி இல்லாத ப்ரன்ச்.

அதே வருடம்தான் அரச ஊழியருக்கு ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. கணித டீச்சர் போனார். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன். யாரும் போகாதே என்று சொல்லக்கூடிய காரணங்கள் இல்லை. இப்போது நாங்கள் நாலு பேர். ஆனாலும் கடைக்குப் போன் பண்ணும்போது சிங்கள டீச்சர் இன்னும் கேட்கிறார்: "சம்பலில் மாசி இருக்கா?" பழக்கமில்லை. அவர் லீவில் வரும்போது எந்தக் கடைக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. இப்போதைக்கு அதில் ஏழு இடம்.

எட்டாவது இடம் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்க. ஹலால் வேண்டும், மாசி இல்லாத சம்பல் வேண்டும், போயாவுக்கும் சரிவர வேண்டும், பில் ஆசிரியர் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். மேசை ஐந்து பேருக்கு.