கச்சான் காற்றும் தம்பிலுவில் வீடும்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கடந்து தம்பிலுவிலை அடைகின்றது. கண்ணகை அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி.

ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு இறங்கிவரும் தென்மேற்குப் பருவக்காற்றே வெப்பமும் வறட்சியும் கொண்டு இக்கரையை வாட்டுகின்றது. மார்கழியிலோ வாடை மழை சுவரை நனைத்துப் பூஞ்சணம் படரச் செய்கின்றது. இவ்விரண்டையும் தாங்குவதே இங்கு வீட்டின் முதற் கடமை.

தாழ்ந்த இறவாரம், நிழல் தரும் திண்ணை, ஓலை அல்லது ஓட்டுக் கூரை என முன்னோர் வழி கண்டனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடிய பின்னர் சீமெந்துக் கல் வீடுகள் பெருகின. இலங்கையின் பிற பகுதிகளிற் போலவே இங்கும் பல வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் தகடே கூரை.

வெக்கை பொறாது, வீட்டை இடித்துக் கட்டக் கடன்படுவோர் உளர். சுவர் உறுதியாக இருப்பின் அது வேண்டுவதில்லை. மேற்குச் சுவருக்கு வேம்பின் நிழலும், கடற்காற்று நுழையக் கிழக்கே யன்னலும், வெப்பக் காற்று வெளியேறக் கூரையடியில் துவாரமும் அமைத்தால் வீடு குளிரும். ஒழுக்கை அடைத்துச் சுண்ணாம்பு பூசினால் ஈரம் உலரும். பழைய ஓட்டையும் மரநிலையையும் மீண்டும் பயன்படுத்தலாம்.

ஆயினும் அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுத்தலும் துளைத்தலும் உடைத்தலும் ஆகா. அதன் நுண்ணிய நார்கள் நுரையீரலிற் படிந்து பல்லாண்டுகளின் பின் புற்றுநோயை விளைவிக்கும். அகற்ற நேர்ந்தால், நன்கு நனைத்து, முழுத் தகடாகவே, பழகிய தொழிலாளரைக் கொண்டு இறக்குதல் வேண்டும். அவ்வேளை பிள்ளைகள் வளவில் நிற்கலாகாது.

அடுக்களையையும் நோக்குவோம். வீட்டினுட் சூழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. உலர்ந்த விறகும் புகைபோக்கியும் பெருஞ் செலவல்ல.

மாணவர்கள் சாம்பிராணிக் குச்சி ஒன்றை அறைதோறும் கொளுத்தி, புகை எவ்வழியாக வெளியேறுகின்றது எனப் பார்க்கலாம். புகை தேங்கும் இடமே முதலில் திருத்தவேண்டிய இடம். பெரும்பாலும் அது நம் அன்னையர் நாள்தோறும் நிற்கும் அடுக்களையாகவே இருக்கும்.