வேண்டும் என்ற சொல்

ஓசூர் பஸ் நிலையத்தில் நின்று கேளுங்கள். கன்னடக்காரர் தண்ணீர் வேண்டினாலும் 'பேகு' என்பார். ஊர் போயாக வேண்டுமென்றாலும் 'ஹோகபேகு' என்பார். நம்முடைய 'வேண்டும்' என்பதும் அப்படித்தான். ஆசைக்கும் அதுவே, கட்டாயத்துக்கும் அதுவே.

ஆங்கிலத்தில் ஆசைக்கு 'வான்ட்', கட்டாயத்துக்கு 'மஸ்ட்'. அந்த 'மஸ்ட்' ஊகத்துக்கும் வரும். 'அவர் வந்திருக்க வேண்டும்' என்கிறோமே, அதுபோல. 1813-ல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை ஜேன் ஆஸ்டின் இந்தச் சொல்லின் குறும்போடுதான் தொடங்குகிறார். பணக்காரப் பிரம்மசாரிக்கு மனைவி தேவைப்பட்டே தீருமென்று ஊரே ஊகிக்கிறதாம்! ஊகத்தின் முக்காட்டை விலக்கினால், பெண்களைப் பெற்றவர்களின் ஆசை எட்டிப் பார்க்கிறது.

என் கதையொன்றில், ஓசூர் ஆலையில் வேலை பார்க்கும் பெண் தன் தோழியிடம், "எனக்குக் கல்யாணம் ஆகவேண்டும்" என்கிறாள். அதை ஆங்கிலத்தில் பெயர்க்க வந்த நண்பர் கேட்டார்:

"இது அவள் ஆசையா, வீட்டார் கட்டாயமா? ஒன்றைச் சொல்லுங்கள், ஸார்."

'மஸ்ட்' என்று போட்டால் அவள் கைதியாகிறாள். 'வான்ட்' என்று போட்டால் வீட்டார் தப்பித்துக்கொள்கிறார்கள். எதைச் சொல்வது? எது தன் ஆசை, எது வீட்டாருடையது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதற்காகத்தான் அந்தக் கதையை எழுதினேன்.